கிளினிக்குக்கு வெளியே நிற்கும் கணவன்

2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்துவிட்ட நாடு என்பது அதன் சாரம். 2015-இல் கியூபா முதலில் பெற்ற அந்த அங்கீகாரம், ஆசியாவில் தாய்லாந்து, மலேசியா, மாலைதீவு ஆகியவற்றுக்குப் பிறகு இங்கே வந்தது. இரண்டு நோய்களை ஒரே மூச்சில் சொல்லும்போது எச்.ஐ.வி.தான் காதில் விழும். சிபிலிஸ் பழைய நோய், தாத்தா காலத்து நோய் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கருவிலேயே குழந்தை இறப்பதற்கான தொற்றுக் காரணங்களில் உலக அளவில் மலேரியாவுக்கு அடுத்த இடம் அந்தப் பழைய நோய்க்குத்தான். 2022-இல் மட்டும் சுமார் 7 இலட்சம் கர்ப்பங்களில் அது கருவைத் தொட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

ஒழித்தல் என்றால் ஒன்றுகூட இல்லை என்று பொருளல்ல. ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 50 குழந்தைகளுக்கு மேல் பிறவிச் சிபிலிஸ் இருக்கக்கூடாது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 95 பேராவது கிளினிக்குக்கு வந்திருக்க வேண்டும். 95 பேருக்காவது இரத்தம் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். நோய் கண்டவர்களில் 95 பேருக்காவது ஊசி போடப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவுதான் அளவுகோல். இலங்கை இதை எளிதாகத் தாண்டியது. எப்படித் தாண்டியது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் இலவச மருத்துவம், பெண் கல்வி, பென்சிலின். மூன்றும் உண்மை. ஆனால் இந்த மூன்றும் இருந்தும் தோற்ற நாடுகள் உண்டு. ஆகவே கட்டுகஸ்தோட்டை மாதிரி ஓர் ஊரில் ஒரு கர்ப்பிணியின் ஐந்து மில்லிலீற்றர் இரத்தம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று பார்ப்பது நல்லது.

கட்டுகஸ்தோட்டை கண்டி நகரின் வடக்கு வாசல். மகாவலிக்கு மேலே பாலம். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி இதைத் தாண்டித்தான் அக்குறணை, மாத்தளை என்று ஏறுகிறது. குருநாகல் வழியே புத்தளம் போகும் ஏ10 வீதி இங்கேதான் தொடங்குகிறது. சிங்களவர், முஸ்லிம்கள், தோட்டங்களிலிருந்து இறங்கிக் கடைகளிலும் வீட்டு வேலைகளிலும் வாழும் மலையகத் தமிழர் என்று எல்லாரும் இடித்துக்கொண்டு நடக்கும் இடம். இப்படி ஒரு சந்தி நகரைச் சொன்னதும் பாலியல் நோய் பற்றி எழுதுபவர்கள் லொறிச் சாரதிகளையும் இரவு விடுதிகளையும் தேடிப் போவார்கள். நான் போகப்போவதில்லை. இந்த நோய் குழந்தைக்கு வந்து சேரும் வழி லொட்ஜ் வாசலில் தொடங்கினாலும், அது முடிவது தாலி கட்டிய, ஒருவனைத் தவிர வேறு யாரையும் அறியாத ஒரு பெண்ணின் வயிற்றில்தான். அவள் எந்த ஆபத்துக் குழுவிலும் இல்லை. அவளைத் தேடிப் பிடிக்க எந்த விழிப்புணர்வு ஊர்வலத்தாலும் முடியாது.

நோயின் போக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். சிபிலிஸின் முதல் புண் வலிக்காது. பெண்ணுக்குக் கருப்பை வாயில் வந்தால் கண்ணிலும் படாது. சில வாரத்தில் தானே ஆறிவிடும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு வரலாம், வராமலும் போகலாம். அதன் பின் நோய் பல ஆண்டுகள் உறங்கும். உறங்கும் காலத்திலும் கிருமி இரத்தத்தில் இருக்கும், நச்சுக்கொடியைத் தாண்டும். சிகிச்சை பெறாத கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு கேடு நேர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன: கரு வயிற்றிலேயே இறப்பது, குறைமாதத்தில் பிறப்பது, பிறந்து சில நாட்களில் போய்விடுவது. தப்பிப் பிழைத்த குழந்தைக்கு மூக்கில் ஓயாத சளி, ஊதிய ஈரலும் மண்ணீரலும், உரியும் தோல். சிலருக்குப் பிறக்கும்போது எதுவுமே தெரியாது. பள்ளிக்கூட வயதில் காது மங்கும், கண்ணின் கருவிழி கலங்கும், முன் பற்கள் விளிம்பில் பிளந்து முளைக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து ஒரே நோய் என்று சொன்னவர் 19-ஆம் நூற்றாண்டின் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன். அந்தப் பற்களுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இதில் பெரும்பகுதி கண்ணில் படாமல் போவதுதான் இந்த நோயின் தந்திரம். நோயுற்ற குழந்தை ஆஸ்பத்திரிக்கு வரும். பிறக்காத குழந்தை எங்கும் வராது. ‘வயித்துல தங்கல’ என்று ஒரு வீட்டில் சொல்வார்கள், ‘கண்ணூறு’ என்று இன்னொரு வீட்டில். இரண்டு மூன்று முறை இப்படி ஆன பெண்ணுக்கு மாமியார் வீட்டில் என்ன பெயர் கிடைக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கருக்களை அழித்த கிருமி அவள் கணவனிடமிருந்து வந்திருக்கலாம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்தக் கிருமியின் வரலாற்றில் இலங்கைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1905-இல் ஜெர்மனியில் ஷாவ்டினும் ஹோஃப்மனும் சிபிலிஸ் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டில் கொழும்பில் ஆல்டோ கஸ்தெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் அதன் உடன்பிறப்பைக் கண்டுபிடித்தார். அது பறங்கி நோயின் கிருமி. பறங்கி பாலுறவால் வருவதல்ல; ஏழைக் கிராமங்களில் பிள்ளைகளுக்குத் தோலோடு தோல் உரசிப் பரவுவது. இலங்கையின் வறண்ட வலயக் கிராமங்களை அது தின்றுகொண்டிருந்தது. 1881-இலேயே குடியேற்ற அரசின் தலைமை மருத்துவ அதிகாரி கின்ஸி அதைப் பற்றி முழு அறிக்கை ஒன்றை எழுதியிருந்தார். கொழும்பு கின்ஸி வீதியின் பெயர் அவருடையது. பறங்கியும் சிபிலிஸும் நுணுக்குக்காட்டியில் ஒன்று போலவே தெரியும். இரத்தப் பரிசோதனையிலும் பிரித்துச் சொல்ல முடியாது. சின்ன வயதில் பறங்கி வந்து ஆறிய ஒரு பாட்டியின் இரத்தம் முதுமையிலும் ‘இருக்கிறது’ என்றே சொல்லும். 1950-களில் பென்சிலின் ஊசியோடு உலகமெங்கும் நடந்த பெரிய இயக்கங்கள் பறங்கியைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்தன. கிராமத்துக்கே போய், எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, யாரையும் வெட்கப்படுத்தாமல் ஊசி போட்டால் இந்தக் குடும்பத்துக் கிருமி தாக்குப்பிடிக்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பறங்கிக்கு அப்படி வரிசையில் நிறுத்த முடிந்தது, சிபிலிஸுக்கு முடியவில்லை. அதற்கு அரசுகள் எடுத்த வழி வேறு. 1864-இல் பிரித்தானியா கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டம், படைவீரர்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, பாலியல் தொழிலாளி என்று பொலிஸ் சந்தேகித்த பெண்களைப் பிடித்துக் கட்டாயமாகப் பரிசோதித்தது. படைவீரனைப் பரிசோதிக்கவில்லை. காலனிகளும் அதை நகல் எடுத்தன. பெண்களின் எதிர்ப்பால் 1886-இல் தாய்நாட்டில் அது நீக்கப்பட்டது. ஆனால் நோய்க்குக் காரணம் பெண், காப்பாற்றப்பட வேண்டியவன் ஆண் என்ற அந்தக் கணக்கு சட்டத்தோடு சேர்ந்து நீங்கவில்லை. இலங்கையில் 1841-ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. தெருவில் நிற்கும் பெண்ணைப் பிடிக்க இன்றும் அது பயன்படுகிறது.

பிறவிச் சிபிலிஸை இலங்கையில் ஒடுக்கியது இந்த வழி அல்ல. இதற்கு நேரெதிரான ஒன்று. அதன் மையத்தில் இருப்பவர் பொலிஸ்காரர் அல்ல, வைத்தியரும் அல்ல. குடும்பநல உத்தியோகத்தர், ஊரில் சொல்வதென்றால் மிட்வைஃப் மிஸ்.

1879-இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை தொடங்கியபோதே மருத்துவிச்சிகளைப் பயிற்றுவிக்கும் மரபு வேர்விட்டுவிட்டது. 1926-இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு அவர்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீதிக்குக் கொண்டுவந்தது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பு, அந்த நிலப்பரப்பில் வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சிகள் என்ற அந்த அமைப்புதான் இன்று நாடெங்கும் இருக்கும் எம்.ஓ.எச். அலுவலகம். ஒரு மிட்வைஃபின் பொறுப்பில் ஏறக்குறைய 3,000 பேர். தன் பகுதியில் யாருக்குக் கல்யாணம் ஆனது, யாருக்கு மாதவிலக்கு தள்ளியிருக்கிறது, யார் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள் என்பதெல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கும். பிள்ளை பெறும் வயதிலிருக்கும் தம்பதியருக்கென்றே தனிப் பதிவேடு உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தவுடன், எட்டு வாரம் ஆவதற்குள், அவளைப் பதிந்துவிட வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட இலக்கு.

பதிந்த பிறகு கிளினிக். அதை ஒரு முறை பார்த்தவர்களுக்கு அதன் சலிப்பு நினைவிருக்கும். நீள வாங்கு, கையில் கார்ட், முன்னால் நிறைகாட்டி. நிறை, உயரம், இரத்த அழுத்தம், சிறுநீரில் சீனி இருக்கிறதா என்ற சோதனை, ஏற்பு ஊசி, இரும்புச்சத்து மாத்திரை, போகும்போது திரிபோஷா பக்கெட். இதற்கு நடுவில், ஹீமோகுளோபினுக்கும் இரத்த வகைக்கும் ஊசி குத்தும்போதே, இன்னொரு சின்னப் போத்தலில் கொஞ்சம் இரத்தம். அதுதான் வி.டி.ஆர்.எல். எனப்படும் சிபிலிஸ் பரிசோதனை. எதற்கு என்று பலர் கேட்பதில்லை. ‘எல்லாருக்கும் எடுக்கிறது’ என்ற பதில் கேட்டவர்களுக்குப் போதும். அந்த இரண்டு சொற்களுக்கு உள்ளேதான் இந்தச் சாதனை முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். எல்லாருக்கும் எடுப்பதால் யாரும் சந்தேகத்துக்கு ஆளாவதில்லை. கண்டி நகரத்து வங்கி அதிகாரியின் மனைவியும், ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளும் ஒரே காரணத்துக்காகக் கையை நீட்டுகிறார்கள். ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி கேட்கப்படாததால் பொய் சொல்லவும் தேவையில்லை. நோய்க் கட்டுப்பாட்டில் சலிப்புக்கு இருக்கும் பலம் பெரியது. அதைப் பாராட்டி யாரும் விருது கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

போத்தல்கள் மாவட்டத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலைய ஆய்வுகூடத்துக்குப் போகின்றன. பரிசோதனை பழையது, 1946-இல் அமெரிக்காவில் உருவானது. கிருமியைத் தேடாமல், கிருமி செய்த சேதத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையைத் தேடும். அதனால் சில வேளைகளில் ஏமாற்றவும் செய்யும்: கர்ப்பமே சிலருக்குப் பொய்யான விடையைத் தரும், மலேரியா, லூபஸ் போன்றவையும் தரும். ஆகவே ‘ரியாக்டிவ்’ என்று வந்த இரத்தத்தை டி.பி.பி.ஏ. என்ற இன்னொரு பரிசோதனையால் உறுதிசெய்கிறார்கள். இந்த இரண்டாம் படி முக்கியம். முதல் விடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் ‘உனக்கு இந்த நோய்’ என்று சொன்னால், குழந்தைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் கல்யாணத்துக்கு ஆகிவிடும்.

உறுதியானால் சிகிச்சை பென்சிலின்தான். 1943-இல் ஜோன் மஹோனி என்ற அமெரிக்க மருத்துவர் சிபிலிஸுக்கு அதை முதலில் பயன்படுத்தினார். எண்பது ஆண்டுகள் கடந்தும் இந்தக் கிருமி பென்சிலினுக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளவில்லை. இது நமக்குக் கிடைத்த அபூர்வமான அதிர்ஷ்டம். கர்ப்பிணிக்குக் கொடுப்பது பென்சதீன் பென்சிலின். வெள்ளைத் தூளைக் கரைத்தால் தடித்த பால் போல ஆகிவிடும். ஊசிக்குள் அடைத்துக்கொள்ளும் அளவுக்குத் தடிப்பு. 24 இலட்சம் அலகு, இரண்டாகப் பிரித்து இரண்டு புட்டத்திலும் ஆழமாக, மெதுவாகச் செலுத்த வேண்டும். வலி கடுமையாக இருக்கும். அன்று முழுக்க நடக்கச் சிரமம். அந்த மருந்து தசைக்குள் தங்கி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. அண்மையில் வந்த தொற்று என்றால் ஒரு தடவை போதும். எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரத்துக்கு ஒன்று என்று மூன்று வாரம். கர்ப்பிணிகளில் பலருக்கு எப்போது வந்தது என்று தெரியாது. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். அதற்குப் பின் போட்டால் குழந்தையையும் சிகிச்சை பெறாதவள் பெற்ற பிள்ளையாகவே கருதவேண்டும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்றவற்றை நம்ப முடியாது. அவை நச்சுக்கொடியை ஒழுங்காகத் தாண்டுவதில்லை. பென்சிலின் ஒவ்வாமை உள்ள பெண்ணுக்குக்கூட ஆஸ்பத்திரியில் வைத்து, நுண்ணளவில் தொடங்கிப் படிப்படியாக உடலைப் பழக்கி, பிறகு பென்சிலினையே கொடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆக, சோதனை மலிவு, மருந்து மலிவு, இரண்டும் பழையன. இரண்டும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. அங்கே 2022-இல் 3,761 குழந்தைகள் பிறவிச் சிபிலிஸோடு பதிவாயின. ஒரு இலட்சம் பிறப்புக்கு நூறைத் தாண்டிய கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அதே அளவுகோலை வைத்தால், வி.டி.ஆர்.எல்.லையும் பென்சிலின் சிகிச்சையையும் உலகுக்குக் கொடுத்த நாடு தேறாது. பத்தாண்டில் பத்து மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளை உரிய நேரத்துச் சோதனையும் சிகிச்சையும் காப்பாற்றியிருக்கும் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொன்னது. காப்புறுதி இல்லாத பெண், போதைப் பழக்கத்துக்காகச் சிறைக்குப் பயந்து கிளினிக்கைத் தவிர்க்கும் பெண், ஏழாம் மாதத்தில்தான் முதல் தடவை வைத்தியரைப் பார்க்கும் பெண் என்று அங்கே தவறும் இடங்கள் தெளிவாகவே தெரிகின்றன. அங்கே அவள் கிளினிக்குக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். இங்கே அவள் வாசலுக்கு ஒருத்தி ஸ்கூட்டரில் வருகிறாள்.

இதை எழுதும்போது தேசியப் பெருமிதம் தலைக்கேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஸ்கூட்டர் எல்லா வாசலுக்கும் ஒரே மாதிரிப் போனதில்லை. தோட்டங்கள் நீண்ட காலம் அரச சுகாதாரத்துக்கு வெளியே, கம்பனிகளின் கையில் இருந்தன. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் கர்ப்பம் யாருடைய பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதே தெளிவில்லாத காலம் இருந்தது. 1970-களில் தோட்டங்கள் தேசியமயமான பிறகு மெல்ல மெல்லக் கதவு திறந்தது. இன்றும் கண்டி மாவட்டத்துத் தோட்டப் பகுதிகளில் மிட்வைஃப் சிங்களம் மட்டும் பேசுபவராகவும், கர்ப்பிணி தமிழ் மட்டும் பேசுபவளாகவும் இருக்கும் நிலை அரிதல்ல. நிறை பார்க்கவும் அழுத்தம் பார்க்கவும் மொழி தேவையில்லை. ‘உன் இரத்தத்தில் ஒரு தொற்று இருக்கிறது, கணவரையும் கூட்டி வா, மூன்று வாரம் ஊசி, அதுவரை சேராதே’ என்று சொல்ல மொழி தேவை. அதை லயத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க முடியுமா?

தோட்டத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைக் குறித்துப் பேசுவோர் குறைவு. வசதியுள்ள கண்டிக் குடும்பங்கள் பெண் நோயியல் நிபுணரைச் சேனல் பண்ணித்தான் பார்க்கின்றன. தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் மூன்று நான்கு எடுக்கப்படும், வர்ணப் படமும் கிடைக்கும். சிபிலிஸ் பரிசோதனை எழுதப்படுவது அந்த வைத்தியரின் பழக்கத்தைப் பொறுத்தது. ‘இந்த அம்மாவுக்கு எதற்கு’ என்ற தயக்கம் எழுதும் கைக்கு வரலாம். அரச கிளினிக்கின் சலிப்பு விலக்கிவைத்த அந்த ஒழுக்கக் கேள்வி, மரியாதை என்ற வேடத்தில் இங்கே திரும்பி வருகிறது. நல்லவேளையாக இந்தப் பெண்களிலும் பலர் எம்.ஓ.எச். கிளினிக்கிலும் பதிந்துகொள்கிறார்கள், கார்ட் இல்லாமல் பிரசவத்துக்குப் போக யாரும் விரும்புவதில்லை.

இனித்தான் தலைப்பில் இருக்கும் ஆள் வருகிறார். தாய் சேய் நல சேவை என்ற பெயரே சொல்வதுபோல, இந்த அமைப்பு இருவரைப் பார்க்கக் கட்டப்பட்டது. சிபிலிஸோ மூவரின் நோய். கணவன் மனைவியை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே மரநிழலில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அல்லது கொழும்பில் கடையில் நிற்பான். அல்லது கட்டாரில் இருப்பான். உள்ளே அவளுடைய இரத்தம் முதலில் சோதிக்கப்படுகிறது. முதலில் சோதிக்கப்படுபவள் முதலில் குற்றவாளியாகிறாள். பரிசோதனைக்கு யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லத் தெரியாது. உறங்கும் நிலையிலுள்ள தொற்று கல்யாணத்துக்கு முந்தையதாக இருக்கலாம், அவனுடையதாக இருக்கலாம், அவளுடையதாகவும் இருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் விசாரணை நடக்கும்போது கையில் இருக்கும் ஒரே சான்று அவளுடைய அறிக்கை. அதனால் சில பெண்கள் ஊசியைப் போட்டுக்கொண்டு கணவனிடம் சொல்லாமலே விடுவார்கள். அது கோழைத்தனம் அல்ல. வீட்டை அறிந்தவளின் கணக்கு.

அந்தக் கணக்கின் விலையைக் குழந்தை கொடுக்கும். சிபிலிஸ் ஒருமுறை வந்து போனால் மறுமுறை வராது என்ற பாதுகாப்பு இல்லை. மூன்றாம் மாதத்தில் மூன்று ஊசியும் போட்டுக் குணமானவள், சிகிச்சை பெறாத கணவனிடமிருந்து ஏழாம் மாதத்தில் திரும்பவும் வாங்கலாம். புதிதாக வந்த தொற்றுதான் கருவுக்கு மிகவும் ஆபத்தானது. இன்னொரு வகையும் உண்டு: மூன்றாம் மாதத்தில் ‘இல்லை’ என்று வந்தவளுக்குப் பிறகு தொற்று வந்தால், கார்டில் ஒட்டிய அந்தத் தாள் எல்லாரையும் நிம்மதியாகத் தூங்கவைக்கும். முதல் மூன்று மாதத்து இரத்தம் கடைசி மூன்று மாதத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆண்களிடம் நோய் கூடினால் தாயின் ஒற்றைப் பரிசோதனை மீது வைக்கும் பாரமும் கூடும். இலங்கையில் அண்மைய ஆண்டுகளில் இளம் ஆண்களிடையே புதிய எச்.ஐ.வி. தொற்றுகள் கூடிவருகின்றன, அந்த வழியிலேயே சிபிலிஸும் வரும். ஆணோடு உறவு வைக்கும் ஆணைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னமும் குற்றவாளி என்கின்றன. அவர்களில் பலர் ஊரின் விருப்பத்துக்காகக் கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தின் படியேற ஒரு மனிதன் அஞ்சினால், அந்த அச்சத்தின் மறுமுனை எந்தக் கர்ப்பவதி கிளினிக்கில் வெளிப்படும் என்று சொல்ல முடியாது.

கணவனுக்கும் அதே நாளில், அதே வாங்கில், ‘எல்லாருக்கும் எடுக்கிறது’ என்று சொல்லி இரத்தம் எடுத்தால் என்ன? சீனி, அழுத்தம், இரத்த வகை என்று அவனுக்கும் ஒரு சோதனைக் கட்டு இருந்தால் வி.டி.ஆர்.எல். அதில் ஒளிந்துகொள்ளும். எதிர்வாதம் எனக்குத் தெரியும். அரை நாள் சம்பளம் போகும், ஆண்கள் வரமாட்டார்கள், வராதவனின் மனைவியை அலட்சியமாக நடத்தும் பழக்கம் கிளினிக்கில் உருவாகலாம், கணவன் இல்லாத கர்ப்பிணி இன்னும் ஒருமுறை அவமானப்படுவாள். கடைசியாகச் சொன்னது பாரதூரமானது. ஆகவே கட்டாயம் என்று வைக்கக்கூடாது. ஆனால் புதுமணத் தம்பதியரை இருவராகவே அழைத்துப் பேசும் வழக்கம் எம்.ஓ.எச். அலுவலகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே, யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டிய நேரம் வருவதற்கு முன்பே, இரண்டு கைகளிலிருந்தும் ஒன்றாக இரத்தம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

சான்றிதழ் ஒருமுறை கிடைத்தால் சுவரில் நிரந்தரமாகத் தொங்கும் பொருளல்ல; நாடு தன் நிலையைத் தொடர்ந்து நிரூபிக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திர சிகிச்சைகளை நிறுத்திவைத்தது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற மாதங்கள் அவை. ஸ்கூட்டர் ஓடாவிட்டால் பதிவேடு ஓடாது. போத்தல் ஆய்வுகூடத்துக்குப் போகாது. பென்சதீன் பென்சிலினின் மூலப்பொருளை உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில தொழிற்சாலைகளே செய்கின்றன. இலாபம் குறைந்த மருந்து என்பதால் புதியவர்கள் வருவதில்லை. 2023-இல் அமெரிக்காவே அதற்குத் தட்டுப்பாடு கண்டது. அந்தப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். ஒரு மிட்வைஃபின் இடம் வெற்றிடமானால், பக்கத்துப் பகுதிக்காரர் இரண்டு பதிவேட்டைத் தூக்குவார். எட்டாம் வாரத்தில் பதியப்பட வேண்டியவள் பதினாறில் பதியப்படுவாள். புள்ளிவிவரத்தில் அவளும் ‘பதிந்தவள்’தான்.

பிறப்புகள் குறைந்துவருவதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-இல் 3,19,010 என்றிருந்த ஆண்டுப் பிறப்பு 2023-இல் 2,47,900 ஆகிவிட்டது. ஒழிப்பு எல்லை அதற்கேற்ப ஏறத்தாழ 160-இலிருந்து 124-க்கு இறங்கிவிடும். இலங்கை இரண்டுக்கும் வெகு கீழே நிற்பதால் அவசர அபாயம் ஏதும் இல்லை. ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்கு வந்துவிட்ட பிறகு விகிதம் பார்ப்பதில் பயன் குறைவு. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் இலங்கையில் அதை ஒரு இலக்கமாக விடுவதில்லை. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை அவள் வந்த வழியைத் திரும்ப ஆராய்ந்து, எந்த இடத்தில் தாமதம், யாரால் தவிர்த்திருக்கலாம் என்று தேசிய மட்டத்தில் அமர்ந்து பேசுகிறார்கள். தாய் இறப்பு வீதம் தெற்காசியாவிலேயே மிகத் தாழ்ந்த மட்டங்களில் ஒன்றாக ஆனதற்கு அந்த வழக்கமும் ஒரு காரணம். பிறவிச் சிபிலிஸோடு பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், செத்துப் பிறக்கும் குழந்தைகளில் இதனாலோ என்று சந்தேகப்படும் ஒவ்வொன்றுக்கும், அதே விசாரணை நடக்க வேண்டும். கேட்க வேண்டியவை அதிகமில்லை. தாய் எத்தனையாம் வாரத்தில் பதிந்தாள், இரத்தம் என்று எடுத்தார்கள், அறிக்கை என்று வந்தது, எத்தனை ஊசி போட்டார்கள், தகப்பனுக்குச் சிகிச்சை நடந்ததா. முதல் நான்குக்கும் விடை எம்.ஓ.எச். அலுவலக அலுமாரியில் தேதியோடு இருக்கும். ஐந்தாவதை இப்போதைக்கு அவள் சொல்வதை நம்பித்தான் எழுத வேண்டும்.